அந்தமான் கல்லு விட்ட மூச்சு

ராத்திரி ஒரு மணி தாண்டியாச்சு. கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர்ற ரோடு... முன்னாடி ஒரு வண்டி இல்ல, பின்னாடி ஒரு வண்டி இல்ல. ஒத்தைக் காரு வருது. ஓட்டுறது ஹாரிஸ். பக்கத்துல அவன் பொண்டாட்டி ஷமீமா. மதுரையில பிளைட்டை விட்டு இறங்கி நேரா வாராக. பின் சீட்டுல ஒரு தெர்மாகோல் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள்ள இருந்து சத்தம் வருது.

ஏலே பிரேம்குமாரு, செல்லு லைட்டை அமத்து. கரண்ட் வரும்போது வரட்டும். இன்வெர்ட்டர்ல மீன் தொட்டி மோட்டார் ஓடுதுல்ல, அது போதும். இந்தக் கடையில மீனுக்குத்தான் காத்து வேணும், ஒம் மூஞ்சிக்கு வெளிச்சம் வேண்டாம். அதுவும் நீ செத்த முன்னாடி காட்டுனியே ஒரு போட்டோ, லட்சத்தீவுல கடலுக்கடியில கட்டை விரலைத் தூக்கிக்கிட்டு நிக்கிற போட்டோ... தண்ணிக்குள்ள அதுக்கு அர்த்தம் 'சூப்பரு' இல்லலே, 'என்னய மேல கூட்டிட்டுப் போ'ன்னு அர்த்தம். கூட வந்தவன் ஒன்னய மேல இழுத்துட்டுப் போயிருப்பானே. போனானா இல்லியா? சிரிக்காதீக. கடலுக்குள்ள போயிட்டு வந்த கதையே எல்லாரும் சொல்லுதீகளே, கடல் கூட வந்த கதை ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. நம்ம ரஃபீக்கு இன்னிக்கு வரல. அவன் இருந்தா இதைச் சொல்ல முடியாது. ஏன்னா ஷமீமா அவன் கூடப்பொறந்த அக்கா.

ஹாரிஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல டைல்ஸ் கடை. வீடு அங்கிட்டு ராஜபாளையம் ரோட்டு மேலயே, மாடி வீடு. ஹால்ல நாலடி உப்புத்தண்ணித் தொட்டி. நம்ம பக்கத்துல கடல் மீன் வளக்கிறதுன்னா சும்மாவா? கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? உப்பை வாங்கிக் கலக்கணும், சூடு பாக்கணும், பிள்ளைய வளக்கிற மாதிரி. அவன் வளத்தான். அதுல ஒரு கண்டிஷன் வேற வச்சிருந்தான். புதுசா எது வந்தாலும், மீனோ கல்லோ, ஒரு மாசம் தனித் தொட்டியில கெடக்கணும். பொறவுதான் பெரிய தொட்டி. யாராச்சும் மீறுனா நம்ம மீன்தொட்டி வாட்ஸ்அப் குரூப்புல வச்சுக் கிழிப்பான். வாத்தியாரு தோத்துப் போவாரு.

ஷமீமாவுக்குச் சின்ன வயசுலருந்தே வீசிங். பனிக்காலம் வந்தா நெஞ்சுக்குள்ள விசிலடிக்கும். தலகாணிக்கு அடியில இன்ஹேலர். ஹாரிஸுக்கு அவ மேல உசுரு. நடு ராத்திரி அவ விசில் கூடுனா இவன் முழிச்சிருவான், அப்படி ஒரு காது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு அந்தமானுக்குக் கூட்டிட்டுப் போனதே, கடக் காத்து அவளுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னதாலதான்.

அங்க இவன் மட்டும் முங்கப் போனான். அவ படகுல இருந்தா.

முங்குனவங்களுக்குத் தெரியும், மொதப் பாடமே மூச்சை அடக்காதேங்கிறதுதான். இழு, விடு. இழு, விடு. இழுக்கும்போது வாயில கவ்வியிருக்கிற குழாய் 'ஸ்ஸ்ஸ்...'ங்கும். விடும்போது காதோரமா 'குபுகுபுகுபு'ன்னு கொமிழி மேல போகும். அடியில வேற சத்தமே கெடையாது. இவன் அப்படியே மெதந்து போறான்... பவளப் பாறைக்கு அந்தாண்ட கொமிழி வருது. குபுகுபுகுபு. நிக்கிது. குபுகுபுகுபு. நிக்கிது. யாரோ ஆளு அங்க இருக்கான்னு நெனச்சு எட்டிப் பாத்தான்.

ஆளு இல்ல. ஒரு கல்லு இருந்துச்சு.

தேங்கா அளவு இருக்கும். மேல பூரா ஊதாக் கலர் படிஞ்சு, அப்படி ஒரு அழகு. நடுவுல கட்டை விரல் போற அளவுக்கு ஓட்டை. கொமிழி அதுலருந்துதான் வருது. பவளம் செத்துக் கல்லாகி, அதுக்குள்ள ஆயிரம் பூச்சி புழு குடியிருக்கும்லா, உசுருக்கல்லுன்னு சொல்லுவோமே, அந்தச் சாதி. தொட்டிக்காரன் கண்ணுல அது பட்டா விடுவானா? அங்க ஒரு கல்லை எடுத்தாலும் கேசு. முங்கக் கூட்டிட்டு வந்த மாஸ்டர் முதுகைத் திருப்புற வரைக்கும் இருந்தான். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டுனான். ஆடுற பல்லு கணக்கா வந்துருச்சு. கொமிழி நின்னுச்சு.

மேல வந்தா, படகுல ஷமீமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு கெடக்கா. திடீர்னு இழுத்துச்சாம். இன்ஹேலரை அடிச்சுட்டு, "ஒண்ணுமில்ல மச்சான், வெயிலு"ன்னா. இவனும் வெயிலுன்னே நம்புனான்.

கல்லை ஈரப் பேப்பர்ல சுத்தி, பெட்டியில வச்சு, எப்படியோ தப்பிச்சுக் கொண்டு வந்துட்டான். அந்தப் பெட்டிதான் கார் பின் சீட்டுல. சுத்தியிருக்கிறது ஈரப் பேப்பரு, ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. ஆனா அதுக்குள்ள குபுகுபுகுபு... செத்த நேரம் நிக்கிது... குபுகுபுகுபு.

"ஒங்க கல்லு கொறட்டை விடுது மச்சான்"னு ஷமீமா கேலி பண்ணுதா. சொல்லி முடிக்கல, அவளுக்கு இருமல் வந்துருச்சு. வீடு வாற வரைக்கும் நிக்கல.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தப்புப் பண்ணுனான். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனுசன், பேப்பரைப் பிரிச்சதும் அந்த ஊதாக் கலரைப் பாத்து மயங்கி, நேரா பெரிய தொட்டியில இறக்கிட்டான். தனித் தொட்டியாவது, ஒரு மாசமாவது. ஒரு வாடை அடிச்சுச்சாம் அப்ப. நல்ல கல்லுன்னா கடல் வாடை வரணும். கெட்டுப்போன கல்லுன்னா அழுகுன முட்டை. இது ரெண்டும் இல்ல. பழைய சைக்கிள் டியூப்புல காத்தைத் தொறந்து விட்டா வருமே, அந்த வாடை. முங்கும்போது முதுகுல கட்டுற சிலிண்டர் காத்துக்கும் அதே வாடைதான்.

காலையில பாத்தா கோமாளி மீன் ஒண்ணு பாதி. பின் பாதி இல்ல. முன் பாதிக்கு இன்னும் உசுரு இருக்கு... செவுள் தொறந்து மூடுது, தொறந்து மூடுது. கொடலு பின்னாடி நூலாத் தொங்குது. அவன் கையில எடுத்த பொறவுதான் அடங்குச்சு.

மறுநாள் மஞ்ச டாங். அவன் ஆசையா வளத்த மீனு. சுவர்ல அறைஞ்ச மாதிரி கண்ணாடியில அப்பிக் கெடந்துச்சு, ஒரு பக்கம் கண்ணே இல்லாம. அதுக்கடுத்து நத்தையெல்லாம் ஓடு நொறுங்கி. தண்ணியிலருந்து அழுக்கை நுரையா எடுக்கிற மிஷின் இருக்குல்ல, அதுல நுரை ரோஸ் கலர்ல பொங்கி வழியுது. ராத்திரியில லைட்டை அணைச்சா சத்தம். டொக். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். டொக்.

குரூப்புல வீடியோ போட்டான். நீங்கதான பதில் சொன்னீக? மாண்டிஸ். ஆமா, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கல்லு ஓட்டைக்குள்ள ஒளிஞ்சு வர்ற றாலு, முஷ்டியால குத்துனா நண்டு ஓடு தெறிக்கும், சில நேரம் கண்ணாடியே விரிசல் விடும். மீன் சாவுது, டொக்குங்குது, புதுக் கல்லு வந்திருக்கு. வேற என்னவா இருக்கும்? பாட்டிலுக்குள்ள செத்த றால் துண்டை இரையாக் கட்டிப் பொறி வச்சான், சிக்கல. ஓட்டைக்குள்ள சோடாவைப் பீச்சுனான், ஒரு புழுகூட வெளிய வரல. அப்பத்தான் சிவபாண்டி, தளவாய்புரத்துல உக்காந்துக்கிட்டு எழுதுனான், 'பைப்பு ஒழுகுனா அடைக்கிற புட்டி இருக்குல்ல, அதை வச்சு ஓட்டையை அடைச்சிரு, உள்ளயே மூச்சுமுட்டிச் சாகட்டும்'னு. தலையைக் குனியாதலே சிவபாண்டி. நீ எழுதுனதுக்குக் கீழ பத்துப் பேரு கட்டை விரலைத் தூக்கியிருக்கான்.

இதுக்குள்ள ஷமீமா பாதி ஆயிட்டா. இன்ஹேலருக்கும் கேக்கல. ராத்திரி உக்காந்தே தூங்குதா. உதடு வெடிச்சு, உப்புக் கரிக்குதுங்கா. ஹாரிஸுக்குப் பயம் வந்துருச்சு. மறுநாள் ராஜபாளையத்துல பெரிய டாக்டரைப் பாக்க எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டான். அன்னிக்குச் சாயந்தரம் அவ தொட்டி முன்னாடி நின்னுக்கிட்டுச் சொல்லுதா, "மச்சான், நான் விடும்போதுதான் அது கொமிழி விடுது. நான் நிறுத்துனா அதுவும் நிறுத்துது. பாருங்க."

இவன் பாக்கல. "அது மோட்டார் காத்து, நீ போய்ப் படு"ன்னான்.

"கொண்டு போயிக் கடல்லயே போட்டுருங்க மச்சான்."

"நாளைக்குப் போடுதேன். இன்னிக்கு அந்தச் சனியனைக் கொன்னுட்டு..."

பிளம்பர் பைப்புக்கு வைப்பான்ல, ரெண்டு உருண்டை, சேத்துப் பெசைஞ்சா தண்ணிக்குள்ளயே கல்லா எறுகிரும். அந்தப் புட்டி. பெசைஞ்சான். தொட்டிக்குள்ள கையை விட்டு ஓட்டையில வச்சு அமுக்குனான். உள்ளருந்து ஏதோ பெருவிரல்ல வந்து முட்டுச்சாம். ஓடு மாதிரி இல்ல, முள்ளு மாதிரி இல்ல. மெத்துன்னு... சூடா. நாக்கை வச்சுத் தள்ளுனா எப்படி இருக்கும், அப்படி. இவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் அமுக்குனான். "செத்துத் தொலை"ன்னான். கொமிழி நின்னுச்சு.

வீடே அமைதியாயிருச்சு. ரூம்புக்குள்ள ஷமீமாவோட விசில் சத்தமும் இல்ல. அப்பாடா, அவ அசந்து தூங்கிட்டான்னு நெனச்சான். எத்தன நாளைக்குப் பொறவு அவளுக்குத் தூக்கம். கையைத் தொடச்சுக்கிட்டு, ஒரு டீயைப் போட்டு, தொட்டி முன்னாடி உக்காந்து ரெண்டு மடக்குக் குடிச்சான். அதை நெனச்சா இப்பவும் தலையில அடிச்சுக்கிடுதான்.

கட்டில் கால் தரையில இடிக்கிற சத்தம். தடதடதடதடன்னு.

ஓடிப் போயிப் பாத்தா... வாயி ஆன்னு தொறந்திருக்கு. உள்ள ஒண்ணும் போகல. கண்ணு ரெண்டும் பிதுங்கி, உதடு நீலம் பாரிச்சு, கழுத்தைத் தானே பிறாண்டிப் பிறாண்டி நகத்தடி பூரா ரத்தம். கால் கட்டிலை ஒதைக்குது. சத்தம் போடணும்னாக்கூட மூச்சு வேணும்ல, அதுவும் இல்ல. இன்ஹேலரை வாயில வச்சு அடிச்சான், அடிச்ச புகை அப்படியே திரும்பி வெளிய வருது. வாயோட வாய் வச்சு ஊதுனான். சுவத்துல ஊதுற மாதிரி இருக்கு. அப்பத்தான் அவனுக்கு அந்த வாடை தெரிஞ்சிருக்கு.

அவ தொண்டைக்குள்ளருந்து புட்டி வாடை வருது.

ஒரே ஓட்டம். தொட்டிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக் கல்லைத் தூக்குனான். தூக்குன வேகத்துல கண்ணாடியில இடிச்சு, கண்ணாடி தெறிச்சு, நாலடித் தொட்டித் தண்ணியும் ஹால்ல. மிச்சமிருந்த மீனெல்லாம் தரையில துள்ளுது. டைல்ஸ்காரன் வீடு, சுத்தியலுக்குப் பஞ்சமா? கல்லைத் தரையில வச்சு ஓங்கி ஒரு அடி போட்டான்.

ரூம்புக்குள்ள 'மடக்'னு கேட்டுச்சு.

கல்லுக்கு ஒண்ணும் ஆகல. எட்டிப் பாத்தான். ஷமீமாவோட தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சு, தோலுக்கடியில கூராத் தள்ளிக்கிட்டு நிக்கிது. அவ இவனையே பாக்கா. அடிக்காதேன்னு கையை ஆட்டுதா.

சுத்தியலை எறிஞ்சான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஓட்டைக்கிட்டக் கொண்டு போனவன், அதையும் கீழ வச்சுட்டான். இங்க குத்துனா அங்க எங்க குத்தும்னு யாருக்குத் தெரியும்? அங்க அவ கால் ஒதைக்கிற சத்தம் கொறைஞ்சுக்கிட்டே வருது. இரும்பு எதுவும் ஆகாது. விரலுதான்.

புட்டி பாதி எறுகிருச்சு. நகத்தை விட்டு நோண்டுதான். நகம் பேந்து வருது, புட்டி வரல. பெருவிரலை வச்சு ஒரு ஓரமாத் துளைச்சான். லேசா உள்ள போச்சு.

டொக்.

பெருவிரல் நகம் ரெண்டாப் பொளந்துச்சு. ரத்தம் பீச்சுது. இவன் விரலை எடுக்கல.

டொக்.

எலும்பு. அந்தச் சத்தம் அவன் தோளு வரைக்கும் வந்துச்சாம். எடுக்கல. ஆள்காட்டி விரலையும் சேத்து உள்ள விட்டான், புட்டியைக் கொக்கி போட்டு இழுக்க. இப்ப அது குத்தல... கவ்வுச்சு. றாலு எங்கயாச்சும் கவ்வுமா? மேல் வரிசைப் பல்லு, கீழ் வரிசைப் பல்லு, ரெண்டும் விரலு மேல உக்காருதது இவனுக்கு ஒண்ணொண்ணாத் தெரியுது. முன்பல்லு, ஓரப்பல்லு. மனுசப் பல்லுண்ணே அதுன்னான். மென்னு திங்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு கணு நொறுங்குச்சு, அடுத்த கணு நொறுங்குச்சு. மாடு மாதிரி அலறுதான், கண்ணு இருட்டுது, ஆனா கையை மட்டும் எடுக்கல. எடுத்தா அவ இல்ல. ஒரு காலால கல்லை மிதிச்சுக்கிட்டு, மத்த பலம் பூராத்தையும் குடுத்து ஒரே இழுப்பு.

புட்டி வந்துருச்சு. கூடவே விரலு ரெண்டும் தோல்ல தொங்கிக்கிட்டு வந்துருச்சு.

அப்ப அந்தக் கல்லு மூச்சை இழுத்துச்சு. தரையில, தண்ணிக்கு வெளிய, கண்ணு முன்னாடி... 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...'ன்னு. தரையில கெடந்த ரத்தம், உப்புத்தண்ணி, செத்த மீனு செதிலு எல்லாம் அந்த ஓட்டையைப் பாத்து நகருது. அதே நேரத்துல ரூம்புக்குள்ளருந்தும் 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...'. ஒரு இழுப்பு. நீள இழுப்பு. அம்புட்டு நேரம் ஒரு மனுசி நெஞ்சு காத்து வாங்குமான்னு இருந்துச்சாம். ஆனா இவனுக்கு அது காதுல தேன் பாஞ்ச மாதிரி. அவ பொழைச்சுட்டா. அப்படியே சரிஞ்சு விழுந்தான்.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரக போன் போட, ரஃபீக்குதான் வந்து கதவை ஒடைச்சு ரெண்டு பேரையும் ராஜபாளையத்துக்குக் கொண்டு வந்து சேத்தான். ஹாரிஸுக்கு ரெண்டு விரலையும் எடுத்துட்டாக. டைல்ஸ் வெட்டுற மிஷின்ல குடுத்துட்டேன்னு டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கான். அந்தம்மா, இது வெட்டுன மாதிரி இல்லையே, கடிச்ச மாதிரில்ல இருக்குன்னாகளாம். பொறவு ஒண்ணும் கேக்கல. ஷமீமாவுக்குத் தோள்ல கட்டு.

கட்டுப் போட்ட கையோட ஹாரிஸும் ரஃபீக்கும் தூத்துக்குடிக்குப் போயி, போட்டுக்காரன்கிட்டக் கெஞ்சி, நடுக்கடல்ல அந்தக் கல்லை இறக்குனாக. ரஃபீக்கு சொன்னான், குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தோம்ணே, ஒரு கொமிழிகூட வரலன்னு. உள்ள இருந்தது செத்துப் போச்சுன்னு ரெண்டு பேருக்கும் சந்தோசம். திரும்பி வர்றப்ப பிரியாணி தின்னுட்டு வந்திருக்காக.

ஷமீமாவுக்கும் நல்லாயிருச்சு. நல்லான்னா, அம்புட்டு நல்லா. வீசிங் இல்ல, இருமல் இல்ல, இன்ஹேலரைத் தூக்கி எறிஞ்சாச்சு. மாமியாக்காரி ஆயிஷா பீவி நேந்துக்கிட்டபடி தெருவுக்கே நெய்ச்சோறு ஆக்கிப் போட்டாக. கன்னம் வச்சு, நெறம் வந்து, முன்ன மாதிரிக் கேலி பேசிக்கிட்டுத் திரியுதா.

போன வாரம் ஹாரிஸ் நம்ம கடைக்கு வந்தான். மோட்டார், லைட்டு, உப்பு மூட்டை, எல்லாத்தையும் மூணு விரலால தூக்கிக் கொண்டு வந்து, சும்மா எடுத்துக்கோங்கண்ணேன்னு வச்சான். ஆளு எலும்பாப் போயிருக்கான். கண்ணு உள்ள போயிருச்சு. தூங்கியே எத்தனையோ நாளாச்சுன்னு தெரியுது. "அதான் தங்கச்சி நல்லா இருக்கால்ல, இன்னும் என்னலே"ன்னு கேட்டா, உப்பு மூட்டையை ஓரமாத் தள்ளி வச்சான். பொறவு கிட்ட வந்து உக்காந்தான்.

"ராத்திரி அவ மூச்சைக் கேட்டுக் கேட்டே பழகிப்போச்சுண்ணே. இப்பவும் பக்கத்துல படுத்துக் காதை வச்சுக் கேக்கேன். விடுறது கேக்குது. மெதுவா, விடாம, விடிய விடிய விடுதா. மூக்குக்கிட்டக் கையை வச்சா சூடாக் காத்து வந்துக்கிட்டே இருக்கு."

"நல்லதுதானலே?"

"இழுக்கவே மாட்டேங்காண்ணே. அன்னிக்கு இழுத்தாள்ல... அந்த ஒரு மூச்சைத்தான் இன்னும் விட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்கே தெரியாது. நேத்துலருந்து காத்து லேசாக் கொறையுது." அந்த மூணு விரலால எங் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அது இன்னும் எம்புட்டு நாளைக்குண்ணே வரும்?"